தண்ணீரில் கரையவும் வேண்டும், கரையவும் கூடாது: ஜூஸ் டப்பா எப்படி வேலை செய்கிறது?

காகிதத்துக்கும் தண்ணீருக்கும் ஆகாது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் காகிதம் பிறப்பதே தண்ணீரில்தான், பழைய காகிதம் மறுபடி புதுக் காகிதமாவதும் தண்ணீரில்தான். திரவ உணவுக்குக் காகிதப் பெட்டி வடிவமைக்கிறவர்களின் தலைவலி முழுக்க இங்கேதான் இருக்கிறது. உள்ளே பாலோ மோரோ மாம்பழச் சாறோ இருக்கும் 6 மாதமும் அந்தப் பெட்டி ஒரு சொட்டு ஈரத்தைக்கூட இழுக்கக் கூடாது, குடித்துவிட்டுத் தூக்கிப் போட்ட பிறகு ஆலைத் தொட்டியில் விழுந்தால் அரை மணி நேரத்துக்குள் கூழாகிவிட வேண்டும். ஒரே பொருள், இரண்டு நேர் எதிர் குணம். இதை எப்படிச் சமாளிக்கிறார்கள், எங்கே சமாளிக்க முடியாமல் நிற்கிறார்கள் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம், ரசாயனம் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை.

முதலில் காகிதம் எப்படி நிற்கிறது என்று பார்த்துவிடுவோம். மரத்தையோ கரும்புச் சக்கையையோ ரசாயனத்தில் வேகவைத்தால் செல்லுலோஸ் நார் பிரிந்து வரும். அந்த நாரை ஏகப்பட்ட தண்ணீரில் கலக்கி, ஓடுகிற சல்லடை மேல் பரப்பி, தண்ணீரை வடித்து, உருளைகளுக்கு நடுவில் விட்டுப் பிழிந்து, சூட்டில் உலர்த்தினால் தாள். நாரும் நாரும் ஒட்டிக்கொள்ளப் பசை வேண்டியதில்லை, தண்ணீர் வற்ற வற்ற அவை நெருங்கி வந்து ஹைட்ரஜன் பிணைப்பு என்னும் மெல்லிய ஈர்ப்பால் தாமாகவே பிடித்துக்கொள்ளும். வடித்து ஆறவிட்ட சேமியா கட்டியாக ஒட்டிக்கொள்வதையும், மேலே கொஞ்சம் வெந்நீர் ஊற்றியதும் இழை இழையாக விட்டுக்கொடுப்பதையும் பார்த்திருப்பீர்களே, ஏறக்குறைய அதுதான். தண்ணீர் இரண்டு நாருக்கும் நடுவில் புகுந்து பிடியைத் தளர்த்திவிடும். இந்த பலவீனம் மட்டும் இல்லையென்றால் பேப்பர் மறுசுழற்சி என்ற தொழிலே கிடையாது.

ஆலையில் நடப்பதும் பெரிய மாயம் ஒன்றுமில்லை. ஒரு பெரிய தொட்டி, அடியில் சுழலும் விசிறி, பெயர் ஹைட்ராபல்ப்பர். பழைய அட்டையைத் தண்ணீரோடு போட்டுச் சுழற்றினால் நார் பிரிந்து தண்ணீரோடு சல்லடை ஓட்டை வழியே கீழே போகும், பின்னும் கிளிப்பும் பிளாஸ்டிக்கும் மேலே தங்கும். இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு 200 மில்லி மாம்பழ ஜூஸ் டப்பாவைக் கத்தரியால் வெட்டி விரியுங்கள். வெளிப்பக்கம் படம் அச்சடித்த வழவழப்பு, உள்பக்கம் வெள்ளி மாதிரி மினுமினுப்பு, வெட்டிய விளிம்பை நகத்தால் கீறினால் நடுவில் அட்டை தெரியும். அதைத் தபால்தலை அளவுக்கு நறுக்கி வெதுவெதுப்பான தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலையில் வேண்டாமென்று ஒதுக்கிய மிக்ஸி ஜாரில் (சட்னி ஜாரை எடுத்தால் வீட்டில் திட்டு விழும்) நிறையத் தண்ணீர் விட்டு, குறைந்த வேகத்தில் விட்டு விட்டு ஓட்டுங்கள். தண்ணீர் கெட்டியாகக் கஞ்சி போல ஆகும், அதில் வெள்ளித் துணுக்குகள் மிதக்கும். பெரிய கண் உள்ள வடிகட்டியில் ஊற்றினால் துணுக்கு மேலே, கூழ் கீழே. கூழை ஒரு பருத்தித் துணியில் பரப்பிப் பிழிந்து மொட்டை மாடியில் போட்டால் வேலூர் வெயிலுக்கு மத்தியானத்துக்குள் சொரசொரப்பான தாள் ஒன்று தயார்.

மேலே தங்கிய அந்த வெள்ளித் துணுக்கைக் கொஞ்சம் கையில் எடுத்துப் பாருங்கள், விஷயமே அதில்தான் இருக்கிறது. ஒரு பக்கம் பாலித்தீன், நடுவில் அலுமினியம், மறுபக்கம் இன்னொரு பாலித்தீன். கிழிக்க முயன்றால் இழுபடும், சட்டென்று கிழியாது. ஆறு மாதம் கெடாமல் வைக்கும் டப்பாவின் எடையில் சுமார் 70 முதல் 75 சதவீதம் அட்டை, 20 முதல் 25 பாலித்தீன், 5 சதவீதம் போல அலுமினியம். அலுமினியத் தாளின் கனம் ஆறு ஆறரை மைக்ரான்தான், அதாவது ஒரு மில்லிமீட்டருக்குள் இப்படி நூற்றைம்பது தாளை அடுக்கலாம். மொத்தம் ஆறு அடுக்கு என்பார்கள்: வெளியே பாலித்தீன், அப்புறம் அட்டை, ஒட்டவைக்க ஒரு பாலித்தீன், அலுமினியம், உள்ளே இன்னும் இரண்டு பாலித்தீன். நாக்கில் படுகிற ஜூஸ் தொடுவது பாலித்தீனை மட்டும்தான், அலுமினியத்தை அல்ல.

ஏன் இத்தனை அடுக்கு? உணவைக் கெடுக்க வருகிறவர்கள் ஒருவர் இல்லை என்பதால். தண்ணீர் வெளியே போகக் கூடாது, அதைப் பாலித்தீன் நன்றாகவே தடுக்கும். ஆனால் ஆக்சிஜனைப் பாலித்தீன் சரியாகத் தடுக்காது. ஆக்சிஜன் புகுந்தால் ஜூஸில் வைட்டமின் சி போகும், நிறம் பழுப்பாகும், பாலின் கொழுப்பு சிக்குவாடை அடிக்கும். வெளிச்சமும் ஆகாது, பாலில் உள்ள ரிபோஃப்ளேவின், அதுதான் பி2, வெளிச்சத்தில் சிதைந்து ருசியையும் கெடுக்கும். வாசனையும் ஒரு பிரச்சினை, ஆரஞ்சு வாசனைக்குக் காரணமான லிமோனீனைப் பாலித்தீன் தானே உறிஞ்சிக்கொள்ளும், கடைசியில் டப்பா மணக்கும், ஜூஸ் மணக்காது. அலுமினியம் இந்த ஆக்சிஜன், வெளிச்சம் இரண்டையும் ஒரே அடியில் நிறுத்திவிடும். அட்டைக்கு மிஞ்சியது ஒரே வேலை, விறைப்பாக நிற்பது. காகிதப் பெட்டி என்று நாம் சொல்வதில் உணவைக் காப்பாற்றுவது காகிதமே இல்லை என்பதைத்தான் ஆரம்பத்திலேயே புரிந்துகொள்ள வேண்டும்.

அது சரி, பெட்டி மட்டும் போதாது. உள்ளே போகும் பாலை 135 முதல் 140 டிகிரிக்கு இரண்டு மூன்று வினாடி சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்திருப்பார்கள், யு.எச்.டி. என்பது இதுதான். அட்டைச் சுருளையும் சூடான ஹைட்ரஜன் பெராக்சைடு குளியலில் முக்கி எடுத்து உலர்த்தி, கிருமியில்லாத காற்றுக்குள் குழாயாகச் சுருட்டி, பால் ஓடிக்கொண்டிருக்கும்போதே பால் மட்டத்துக்குக் கீழே அழுத்தி ஒட்டிவிடுவார்கள். அதனால் சிறிய டப்பாவில் காற்று இடைவெளி ஏறக்குறைய இல்லை. சித்தூர் பக்கத்து மாங்கூழ் ஆலைகளில் கிளிமூக்கு மாம்பழக் கூழை இரும்பு டிரம்முக்குள் பையில் அடைத்து ஏற்றுமதி செய்கிறார்களே, அதுவும் இதே தத்துவம், பை மட்டும் ரொம்பப் பெரிது. காட்பாடியிலிருந்து சித்தூர் ரோட்டில் மாம்பழ சீசனில் போனவர்களுக்கு அந்த லாரி வரிசை தெரிந்திருக்கும்.

இங்கே ஒரு சின்ன விஷயம், எனக்கு இந்த டப்பாவிலேயே மிகவும் பிடித்தது. வெட்டி விரித்த டப்பாவின் உள்பக்கம் நீளவாட்டில் ஒரு மெல்லிய ஒளிபுகும் பட்டை ஒட்டியிருக்கும், விரலால் தடவினால் மேடு தட்டும். அது எதற்கு? அட்டையின் முகப்பு எல்லாம் பாலித்தீன் போர்த்தியிருக்கிறது, ஆனால் சுருளை வெட்டிய விளிம்பு நிர்வாணமாக நிற்கிறது. குழாயாக ஒட்டும்போது ஒரு விளிம்பு உள்ளே, அதாவது பாலுக்குள் மாட்டிக்கொள்ளும். அந்த விளிம்பு வழியாக ஈரம் அட்டைக்குள் ஏறினால் முழு டப்பாவும் ஊறி உப்பிவிடும். அதை மறைக்கத்தான் அந்தப் பட்டை. வடிவமைப்பு என்றால் பெரிய பெரிய ஆலோசனை என்று நினைக்கிறோம், பாதி நேரம் அது இப்படி ஒரு விளிம்பைப் பற்றிய கவலையாகத்தான் இருக்கும். பேப்பர் கப்பில் டீயை ரொம்ப நேரம் வைத்திருந்தால் அடியிலிருந்து ஊறுவதும் இதே காரணத்தால்தான், பூச்சில் ஓட்டையில்லை, விளிம்பு குடிக்கிறது. அதனால்தான் ஆலையிலேயே கூழில் ஏ.கே.டி. போன்ற மெழுகுத்தன்மையுள்ள பொருளைக் கலந்து நாரின் தாகத்தைக் கொஞ்சம் அடக்குகிறார்கள். இதற்கு சைஸிங் என்று பெயர். அளவாகச் செய்தால் ஹைட்ராபல்ப்பரில் கூழாவதற்கு இது பெரிய தடையில்லை.

அளவு மீறினால்தான் வம்பு. ஈரத்திலும் கிழியாத காகிதம் என்று ஒரு வகை உண்டு, கிச்சன் டிஷ்யூ, டீ பேக் எல்லாம் அப்படித்தான். கூழில் ஒரு பிசினைக் கலந்து நார்களைத் தண்ணீருக்கும் அசையாத பிணைப்பால் கட்டிவிடுவார்கள். திரவ உணவுக்கு இது பிரமாதமான யோசனையாகத் தெரியும், ஆனால் ஆலையில் அந்தத் தாள் கூழாகாமல் துண்டு துண்டாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். இந்த இடத்தில் வடிவமைப்பவர் எடுக்க வேண்டிய முடிவு எனக்குத் தெளிவாகத் தெரிகிறது: நாரைத் தொடாதே, நாருக்கு மேலே போர்த்து. போர்வையை உரித்துவிடலாம், நாருக்குள் போட்ட முடிச்சை அவிழ்க்க முடியாது.

போர்வையின் வரலாறும் சுவாரசியம்தான். 1915இல் அமெரிக்காவில் டொலீடோ நகரத்து ஜான் வான் வோர்மர் மடித்து ஒட்டும் காகிதப் பால் பெட்டிக்குக் காப்புரிமை வாங்கினார், கூரை போல முகடு வைத்த பெட்டி அவர் வழியில் வந்தது. அப்போது போர்வை மெழுகு. மெழுகு உதிரும், மடிப்பில் வெடிக்கும், பிற்பாடு பாலித்தீன் அந்த இடத்தைப் பிடித்தது. சுவீடனின் ரூபன் ரௌசிங் 1951இல் டெட்ரா பேக் கம்பெனியைத் தொடங்கினார், முதல் பெட்டி நான்முகி வடிவம், க்ரீம் அடைக்க. செங்கல் வடிவம் 1963இல் வந்தது, கிருமிநீக்கிய செங்கல் வடிவம் 1969இல். நம் ஊரில் பச்சை டப்பா ஃப்ரூட்டி 1985இல் வந்தபோதுதான் பெரும்பாலானோர் ஸ்ட்ரா குத்தி ஜூஸ் குடிக்கப் பழகினார்கள்.

இனி நிஜமான கேள்விக்கு வருவோம். காட்பாடியில் ஒருவர் நன்னாரி சர்பத்தையோ கேழ்வரகுப் பாலையோ காகிதப் பெட்டியில் போட்டு விற்க நினைக்கிறார் என்று வையுங்கள். எங்கே ஆரம்பிக்க வேண்டும்? பலரும் அட்டை வியாபாரியிடம் போய் எது பசுமையானது என்று கேட்கிறார்கள். அது கடைசிக் கேள்வி. முதல் கேள்வி, இது எத்தனை நாள் தாங்க வேண்டும்? இரண்டாவது, குளிர்பெட்டியிலா, வெளியிலா? மூன்றாவது, புளிப்பா, புளிப்பில்லாததா? அமிலத்தன்மை பி.எச். 4.6க்குக் கீழே இருந்தால், மாம்பழச் சாறு, எலுமிச்சை பிழிந்த நன்னாரி மாதிரி, பொட்டுலிசம் என்னும் கொடிய நச்சுநோயை உண்டாக்கும் கிருமி அதில் வளராது, ஓரளவு சூடாக்கி அடைத்தால் சமாளிக்கலாம். பாலும் கேழ்வரகுப் பாலும் அப்படியில்லை, 4.6க்கு மேலே இருப்பவை, அவற்றை வெளியே வைத்து விற்கவேண்டுமென்றால் யு.எச்.டி. வகையறாவில் நுழைய வேண்டும், அதற்கு மெஷின் செலவு சின்ன ஆளுக்குக் கட்டுப்படியாகாது. சித்திரை வைகாசியில் வேலூரில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது சகஜம், தகரக் கூரைக் கடையில் அடுக்கி வைத்த பெட்டி அதற்கும் மேல் சூடாகும், ஆக்சிஜன் புகும் வேகமும் கெடும் வேகமும் சூட்டோடு சேர்ந்து ஏறும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் எத்தனை போர்வை வேண்டும் என்பது தானாகத் தெரியும். நாள் குறைந்தால் அடுக்கு குறையும், அடுக்கு குறைந்தால் மறுசுழற்சி எளிதாகும். ஓட்டலிலிருந்து வீட்டுக்குப் போகும் பார்சல் சாம்பாருக்கு வாழ்நாள் ஒரு மணி நேரம், அதிகம் போனால் ராத்திரி வரை. அதற்கு அலுமினியம் எதற்கு? எண்ணெயும் சூடும் தாங்கும் ஒற்றைப் பூச்சு போதும், அதுவும் உள்பக்கம் மட்டும். ஒரு பக்கம் மட்டும் பூசிய அட்டை ஆலைத் தொட்டியில் சீக்கிரம் கூழாகும், ஏனென்றால் பூசாத பக்கம் முழுக்கத் தண்ணீருக்குத் திறந்த கதவு. இரண்டு பக்கமும் பூசிவிட்டால் தண்ணீர் வெட்டிய விளிம்பு வழியாக மட்டுமே நுழைய வேண்டும், நேரமும் மின்சாரமும் கூடும். குளிரில் வைத்து ஒரு வாரத்தில் விற்கும் மோருக்கு இரண்டு பக்கமும் பாலித்தீன், அலுமினியம் இல்லாமல், போதும். குளிர்ந்த பெட்டியின் வெளியே வியர்க்குமல்லவா, அதனால் வெளிப்பூச்சைத் தவிர்க்க முடியாது. ஆறு மாத ஜூஸுக்குத்தான் முழு ஆறு அடுக்கு.

பாக்கெட் பாலைப் பற்றி ஒரு வார்த்தை. ஆவின் கவரைக் காகிதமாக்கினால் என்ன என்று நல்லெண்ணத்தில் கேட்பவர்கள் உண்டு. நான் வேண்டாம் என்பேன். அது ஒரே பொருள், பாலித்தீன் மட்டும், அரை லிட்டருக்கு இரண்டு மூன்று கிராம்தான் இருக்கும், கழுவிக் காயவைத்துக் கொடுத்தால் உருக்கிக் குருணையாக்க எந்தச் சிக்கலும் இல்லை. ஒரு லிட்டர் காகிதப் பெட்டியோ முப்பது கிராம் பக்கம் வரும், அதில் மூன்று பொருள் ஒட்டிக் கிடக்கும். மறுநாள் காலையே தீர்ந்துபோகும் பாலுக்கு அது ஆடம்பரம். காகிதம் என்ற பெயரே நல்லது என்று நம்பிவிடக் கூடாது, எத்தனை பொருள் ஒட்டியிருக்கிறது, பிரியுமா என்பதுதான் கணக்கு.

டீக்கடை பேப்பர் கப்பும் இந்தக் கணக்கில்தான் மாட்டியது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்த பிளாஸ்டிக் தடையில் பாலித்தீன் பூசிய காகிதக் கப்பும் தட்டும் பட்டியலில் இருக்கின்றன, பேப்பர் கப் என்றால் தடையில்லை என்று நினைத்தவர்கள் அப்போது முழித்தார்கள். 2020இல் ஐ.ஐ.டி. காரக்பூர் ஆய்வாளர்கள், 100 மில்லி சூடான தண்ணீரை அந்தக் கப்பில் 15 நிமிடம் வைத்தால் சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் கலக்கின்றன என்று காட்டினார்கள். கடையில் நின்று குடிப்பதற்குக் கண்ணாடி கிளாஸை விட நல்ல வடிவமைப்பு இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பது என் கட்சி.

பாலித்தீனுக்கு மாற்று என்று இப்போது அதிகம் பேசப்படுவது தண்ணீரில் கலக்கிய பூச்சு. பாலிமரை, அதாவது பிளாஸ்டிக் இனத்துப் பொருளை, பொடிப்பொடித் துளிகளாகத் தண்ணீரில் மிதக்கவிட்டு, களிமண், டால்க் போன்ற தகட்டுத் தாதுக்களைச் சேர்த்து, மை பூசுகிற மாதிரி அட்டை மேல் பூசி உலர்த்துவார்கள். பாலித்தீன் தனிப் படலமாக உரிந்து வரும், இது அப்படி வராது, தொட்டியில் சின்னச் சின்னத் துணுக்காக உடைந்து நாரோடு போய்விடும், அதனால் சாதாரணப் பழைய பேப்பர் ஆலையே இதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பிளாஸ்டிக்கே இல்லை என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம், பாலிமர் பாலிமர்தான், அளவுதான் குறைவு. தாங்குவதும் சில மணி நேரம், சில நாள். மடிக்கும் இடத்தில் வெடித்தால் அதுவும் இல்லை. எனவே மடிப்பு குறைவான கிண்ணம், கப் ஆகியவற்றுக்கு நன்று, கூர்மையாக மடங்கும் செங்கல் பெட்டிக்குச் சிரமம். சோளத்திலிருந்து எடுக்கும் பி.எல்.ஏ. பூச்சும் சந்தையில் உண்டு, மட்கும் என்று போட்டிருப்பார்கள், அது மட்க 60 டிகிரியை ஒட்டிய சூடு தொடர்ந்து இருக்கும் உரக்கூடம் வேண்டும், கொல்லையில் புதைத்தால் வேலைக்கு ஆகாது.

அலுமினியத்தை எப்படி விரட்டுவது என்பதுதான் பெரிய கம்பெனிகளின் போட்டி. ஆறு மைக்ரான் தாளுக்குப் பதில் ஆவியாக்கிய உலோகத்தைக் காகிதம் அல்லது படலம் மேல் நானோமீட்டர் (மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில் படியவைப்பது ஒரு வழி. இ.வி.ஓ.எச். என்ற பிளாஸ்டிக்கை நடுவில் வைப்பது இன்னொரு வழி, காய்ந்திருக்கும் வரை ஆக்சிஜனை அபாரமாகத் தடுக்கும், ஈரம் ஏறினால் சோர்ந்துவிடும், ஆகவே அதற்கும் இரண்டு பக்கம் பாலித்தீன் காவல் வேண்டும். டெட்ரா பேக் 2023இல் போர்ச்சுகலின் லாக்டோகல் பால் நிறுவனத்தோடு சேர்ந்து, அலுமினியத்துக்குப் பதில் காகிதத் தடுப்பு வைத்த பெட்டியைக் கடைக்குக் கொண்டுவந்தது, காகிதத்தின் பங்கு 80 சதவீதம் அளவுக்கு ஏறியது. ஆலைக்காரருக்கு இதில் என்ன லாபம்? நார் கூடும், கழிவுத் துணுக்கு குறையும், மிஞ்சுகிற துணுக்கிலும் உலோகம் கிடையாது. இப்போது மிஞ்சும் பாலித்தீன், அலுமினியக் கலவையைச் சூட்டில் அழுத்திக் கூரைத் தகடாகவும் பலகையாகவும் செய்கிறார்கள், நல்ல பயன்தான், ஆனால் அந்தத் தகட்டிலிருந்து மறுபடி ஜூஸ் டப்பா வராது.

நாரின் தரத்தையும் சொல்லியாக வேண்டும். திரவப் பெட்டிக்கு விறைப்பு முக்கியம் என்பதால் ஊசியிலை மரங்களின் நீளமான புது நார் சேர்ப்பார்கள், அது 3 மில்லிமீட்டர் போல இருக்கும், யூகலிப்டஸ் நார் ஒரு மில்லிமீட்டருக்குள் முடிந்துவிடும். நம் புகளூர் டி.என்.பி.எல். ஆலையில் கரும்புச் சக்கை நாரில் நல்ல எழுதும் தாள் வருகிறது, ஆனால் குட்டை நார் மட்டும் வைத்து ஒரு லிட்டர் பாலைத் தூக்கி நிற்கும் பெட்டி செய்வது கடினம். ஒவ்வொரு முறை கூழாகும்போதும் நார் கொஞ்சம் தேயும், உடையும். ஜூஸ் டப்பாவின் நார் ஒருமுறைகூடச் சுற்றாத முதல்தர நார் என்பதால் கிராஃப்ட் அட்டை (பழுப்பு நிறப் பெட்டி அட்டை) ஆலைக்கு அது சத்தான தீனி. குப்பைமேட்டுக்குப் போனால் வீணாவது அதுதான்.

பெட்டியோடு ஒட்டி வரும் சில்லறைகளையும் மறக்கக் கூடாது. 2022 ஜூலை 1 முதல் இந்தியா முழுக்க பிளாஸ்டிக் ஸ்ட்ரா தடையானதும் காகித ஸ்ட்ரா வந்தது, பாதி ஜூஸுக்குள் தொய்ந்துபோகிறது என்று குழந்தைகள் புகார் சொன்னாலும் பெட்டியோடு சேர்ந்து கூழாகும். ஸ்ட்ராவைச் சுற்றிய குட்டிப் பிளாஸ்டிக் உறைதான் காற்றில் பறந்து சாக்கடைக்குப் போவது. திருகு மூடி இருந்தால் அது பெட்டியை விட்டுப் பிரியாமல் தொங்கும்படி செய்ய வேண்டும் என்று ஐரோப்பாவில் 2024 ஜூலை முதல் விதி. ஒட்டும் பசையில் கவனம் வேண்டும், சூட்டில் உருகும் சில பசைகள் கூழில் பிசுபிசுப்பான உருண்டையாகி, உலர்த்தும் உருளையில் ஒட்டி, ஓடுகிற தாளையே அறுத்துவிடும், ஆலைக்காரர்கள் இதைக் கண்டால் கொதிப்பார்கள். முழுப் பெட்டிக்கும் கறுப்பு மை கொட்டுவதையும் தவிர்க்கலாம்.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் பெட்டி ஆலைக்குப் போய்ச் சேர வேண்டுமே. வேலூரில் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றி ஆற்காடு ரோடு, காந்தி ரோடு பக்கம் நோயாளியோடு வந்து தங்கியிருப்பவர்கள் எத்தனை பேர், அவர்கள் வாங்கிப்போகும் ஜூஸ் டப்பா எத்தனை என்று யோசித்துப் பாருங்கள், ஒரே இடத்தில் குவிகிற சரக்கு அது. குப்பையைப் பிரிப்பது இந்த மாவட்டத்துக்குப் புதிதும் அல்ல. வேலூர் சீனிவாசன் என்று அறியப்படும் சி. சீனிவாசன் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் தொடங்கிய, குப்பையை வளமாகப் பார்க்கும் முறை சத்தீஸ்கரின் அம்பிகாபூர் வரை போயிருக்கிறது. அவர் முறையில் குப்பை வந்த அன்றே கையால் வகை வகையாகப் பிரிக்கப்படும். அப்படிப் பிரிக்கும் மேஜையில் நிற்கும் பெண்மணிக்கு இந்த டப்பா பேப்பர் கூடையா, பிளாஸ்டிக் கூடையா என்று ஒரு நொடியில் தெரிய வேண்டும். வடிவமைப்பவர் அந்த ஒரு நொடியை நினைத்துப் பார்ப்பதே இல்லை என்பது என் ஆதங்கம்.

பழைய பேப்பர் கடைக்காரர் பார்ப்பது எடையை. 200 மில்லி டப்பா ஒன்று பத்து கிராமுக்குள்தான், ஒரு கிலோ சேர நூறு டப்பாவுக்கு மேல் வேண்டும், உள்ளே மிச்சமிருக்கும் ஜூஸில் எறும்பு, இரண்டு நாளில் புளித்த வாடை, மழை வந்தால் பூசணம். பூசணம் பிடித்தால் நாரும் பலமிழக்கும். இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்தாலும் அட்டைக் கட்டோடு போட்டால் உள்ளே பிளாஸ்டிக் இருக்கிறது என்று தனியே எடுத்து வீசிவிடுவார். ஈரோடு, கோவை, உடுமலைப் பக்கம் கிராஃப்ட் ஆலைகள் நிறைய இருந்தாலும், பாலித்தீன் துணுக்கைப் பிரித்தெடுத்து அதற்கும் வழி பண்ணத் தெரிந்த ஆலைக்கு மட்டுமே இது சரக்கு, மற்றவர்களுக்குத் தொல்லை. 2022இல் வந்த உற்பத்தியாளர் பொறுப்பு விதிகள் ஒரு அடுக்காவது பிளாஸ்டிக்கும் ஒரு அடுக்காவது வேறு பொருளும் இருக்கும் உறையைப் பன்னடுக்கு பிளாஸ்டிக் வகையில் சேர்த்து, திரும்பச் சேகரிக்கும் பொறுப்பைப் பொருளை விற்பவர் தலையில் வைத்திருக்கின்றன, அதனால்தான் இப்போது கம்பெனிகள் சேகரிப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்திருக்கின்றன.

ஆகவே நம் காட்பாடிக்காரர் டிசைன் போடும்போதே சிலவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். காதுபோல மடிந்திருக்கும் மூலைகள் கத்தரி இல்லாமல் கையால் இழுத்தாலே பிரியும்படி லேசாக ஒட்டலாம், பிரிந்தால்தான் பெட்டி தட்டையாகும், தட்டையானால்தான் மூட்டையில் காற்றைச் சுமக்காமல் சரக்கைச் சுமக்கலாம். கடைசிச் சொட்டு வரை வடியும்படி வாய் வைக்கலாம். முன்பக்கமே தமிழில், கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி மிதித்து மடக்கிப் போடுங்கள் என்று பெரிதாக அச்சடிக்கலாம், பின்னால் கடுகு எழுத்தில் முக்கோணக் குறி போடுவதை விட அது உதவும். நன்னாரி புளிப்புச் சர்பத்தாக, குளிர்பெட்டியில், இரண்டு வாரத்துக்குள் விற்றுத் தீர்வதாக இருந்தால் அலுமினியம் தேவையே இல்லை, பாலித்தீன் பூசிய முகட்டுப் பெட்டி தாங்கும்.

அட்டை வியாபாரி சாம்பிள் கொடுப்பார், தயங்காமல் கேளுங்கள். இரண்டு மூன்று வகை வாங்கி, ஒரு துண்டின் வெட்டிய விளிம்பை உங்கள் சர்பத்திலேயே நிற்கவைத்து ஈரம் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று ஒருநாள் விட்டுப் பாருங்கள், இன்னொரு துண்டை மிக்ஸியில் மேலே சொன்ன மாதிரி அடித்துக் கூழாகிறதா, கட்டி கட்டியாக நிற்கிறதா என்று பாருங்கள். இரண்டிலும் தேறியதை நேரடியாக ஒரு பழைய அட்டை ஆலைக்குக் கொண்டுபோய், இதை எடுத்துக்கொள்வீர்களா, கிலோவுக்கு என்ன தருவீர்கள் என்று கேளுங்கள். அவர் விலை சொன்ன பிறகு அச்சு பிளேட்டுக்குப் பணம் கட்டினால் போதும்.